நூறாவது குரங்கு: கதையும் கணக்கும்

விஞ்ஞானத்தின் பெயரால் உலவும் கதைகளுள் சில, விஞ்ஞானத்தைவிட வேகமாகப் பரவிவிடுகின்றன. அவற்றை நம்பிப் பரப்புவோருள் படித்தவர்களும் பலர். மேடைப் பேச்சுகளிலும், தன்னம்பிக்கை நூல்களிலும், நிர்வாகப் பயிற்சி வகுப்புகளிலும் எடுத்தாளப்படும் ‘நூறாவது குரங்கு’ என்னும் கதை இவ்வகையைச் சேர்ந்தது. உயிர்கள் எவ்வாறு கற்கின்றன, சமுதாயங்கள் எவ்வாறு மாறுகின்றன என்ற பெரிய கேள்விக்கு அது ஒரு விடை தருவதாகச் சொல்லிக் கொள்கிறது. எனவே அதனைச் சற்று விரிவாக ஆராய்வது பயனுடையதாகும்.

கதை இதுதான். ஜப்பானில் ஒரு சிறு தீவு. அங்கு வாழும் குரங்குகளுக்கு ஆராய்ச்சியாளர்கள் சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்டு வந்தார்கள். கிழங்கில் மணல் ஒட்டியிருந்தது. ஓர் இளம் பெண் குரங்கு அதை நீரில் கழுவித் தின்றது. அதைப் பார்த்து மற்றக் குரங்குகளும் ஒவ்வொன்றாகக் கழுவக் கற்றுக் கொண்டன. 1958-ஆம் ஆண்டில் ஒரு நாள், கழுவும் குரங்குகளின் எண்ணிக்கை 99-லிருந்து 100 ஆயிற்று. அவ்வளவுதான்! அன்று மாலைக்குள் ஏறக்குறைய எல்லாக் குரங்குகளும் கழுவத் தொடங்கிவிட்டன. அதுமட்டுமா? கடலுக்கு அப்பால், எவ்விதத் தொடர்பும் இல்லாத பிற இடங்களில் வாழ்ந்த குரங்குகளும் தாமாகவே கிழங்கைக் கழுவ ஆரம்பித்தன.

இதிலிருந்து ஒரு நீதியும் வடித்தெடுக்கப்படுகிறது. ஒரு கருத்தைப் போதிய பேர் மனத்தில் ஏற்றுக்கொண்டால் போதும். ஓர் எல்லையைத் தாண்டியதும் அது கண்ணுக்குத் தெரியாத வழியில் எல்லா மனங்களிலும் புகுந்துவிடும் என்பதே அந்த நீதி.

கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தீவில் உண்மையிலேயே குரங்குகள் இருந்தன. அவற்றை எண்ணியவர்களும் இருந்தார்கள். அவர்கள் எழுதி வைத்த கணக்கு அச்சில் இருக்கிறது. கதையையும் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்ப்போம்.

தீவில் நடந்தது என்ன?

ஜப்பானின் தென்பகுதியிலுள்ள கியூஷு தீவின் மியசாகி மாநிலக் கரையை ஒட்டி, கோஷிமா என்ற குட்டித் தீவு இருக்கிறது. கியோட்டோ பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த கின்ஜி இமானிஷி, ஜுனிச்சிரோ இடானி ஆகியோர் 1948-இல் அங்கு சென்று, காட்டுக் குரங்குகளைக் கவனிக்கத் தொடங்கினார்கள். விலங்குகளைப் பொதுவாக ‘குரங்குகள்’ என்று பார்க்காமல், ஒவ்வொன்றையும் முகம் பார்த்து அடையாளம் கண்டு, பெயரிட்டு, அதன் உறவுமுறையையும் குறித்துக் கொள்வது அவர்களது முறை. தாய் எது, பிள்ளை எது, விளையாட்டுத் தோழன் எது என்பதெல்லாம் பதிவாயிற்று. இந்த முறையே பிற்பாடு பெருந்துணை புரிந்தது.

காட்டுக்குள் திரியும் குரங்குகளைக் கண்ணுக்கெட்டிய இடத்துக்கு வரவழைப்பதற்காக, 1952-இல் கடற்கரையில் கிழங்கும் கோதுமையும் போடலானார்கள். அப்போது அந்தக் கூட்டத்தில் சுமார் 20 குரங்குகள் இருந்தன. 1953-இல், ஒன்றரை வயதான ஒரு பெண் குரங்கு கிழங்கை ஓடை நீரில் கழுவுவதை முதன்முதலாகக் கண்டவர் சட்சுவே மிட்டோ என்ற ஆசிரியை. அவர் அந்தப் பகுதியைச் சேர்ந்தவர். ஆராய்ச்சியாளர்களுக்கு உதவி வந்தவர். அந்தக் குரங்குக்கு ‘ஈமோ’ என்று பெயரிட்டார்கள். ஜப்பானிய மொழியில் அதற்குக் கிழங்கு என்று பொருள்.

ஈமோவுக்குப் பின் கழுவத் தொடங்கியவை அதனுடன் விளையாடிய ஒரு குரங்கும் அதன் தாயும் ஆகும். நாளடைவில் குரங்குகள் ஓடையை விட்டுக் கடல் நீருக்கு மாறின. ஒரு கடி, மீண்டும் உப்பு நீரில் ஒரு தோய்ப்பு என்று தின்னலாயின. மணல் போக்குவதற்காகத் தொடங்கிய பழக்கம், சுவைக்கான பழக்கமாகவும் ஆயிற்று. 1956-இல் ஈமோவே மற்றொன்றையும் கண்டுபிடித்தது. மணலில் சிதறிய கோதுமையை மணலோடு அள்ளி நீரில் போட்டால், மணல் தாழ்ந்துவிடும். கோதுமை மேலே நிற்கும். அதை வாரித் தின்றது.

எண்கள் சொல்லும் செய்தி

இந்த மாற்றத்தை ஆண்டுதோறும் பின்பற்றிச் சென்ற மசாவோ கவாய் என்னும் விஞ்ஞானி, 1965-இல் விரிவான ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் உள்ள எண்களை நோக்குவோம்.

1958 மார்ச் மாதத்தில், ஏழு வயதுக்கு மேற்பட்ட குரங்குகள் 11 இருந்தன. அவற்றுள் கழுவக் கற்றவை இரண்டே, இரண்டும் பெண்கள். இரண்டு முதல் ஏழு வயது வரையான இளங்குரங்குகள் 19. அவற்றுள் கழுவியவை 15. ஆக மொத்தம் 30-இல் 17. முதியவற்றில் நூற்றுக்கு 18. இளையவற்றில் நூற்றுக்கு 79.

கதையில் வரும் ‘நூறாவது குரங்கு’ எங்கே? அந்த ஆண்டில் தீவில் நூறு குரங்குகளே இல்லை. 1962-இல் கூடக் கூட்டத்தின் மொத்த எண்ணிக்கை 59 தான். இல்லாத குரங்கு கழுவியதாகச் சொல்வது, பிறக்காத பிள்ளைக்குப் பெயர் சூட்டுவது போன்றது.

‘ஒரே நாளில்’ என்பது அடுத்த கூற்று. 1953 இலையுதிர் காலம் முதல் 1958 மார்ச் வரை நான்கரை ஆண்டுகளில், ஈமோ நீங்கலாகப் புதிதாகக் கற்றவை 16. ஆண்டுக்குச் சராசரி நான்குக்கும் குறைவு. இதில் திடீர்ப் பாய்ச்சல் எங்கும் இல்லை.

‘எல்லாக் குரங்குகளும்’ என்பது மூன்றாவது கூற்று. 1962-இல் இரண்டு வயதுக்கு மேற்பட்ட 49 குரங்குகளில் 36 மட்டுமே கழுவின. மீதி 13 கழுவவில்லை. 1953-லேயே முதிர்ந்துவிட்ட ஆண் குரங்குகள் கடைசி வரை பழைய வழக்கப்படியே தின்றன. அவை மனம் மாறியதால் கூட்டம் மாறவில்லை. அவை மெல்ல மெல்ல மறைய, கழுவும் தாய்களுக்குப் பிறந்த குட்டிகள் பெருகியதால் கூட்டம் மாறிற்று.

கவாய் இதனை இரண்டு கட்டங்களாகப் பிரித்தார். முதற் கட்டத்தில் பழக்கம் தோழரிடமிருந்து தோழருக்கும், பிள்ளையிடமிருந்து தாய்க்கும், தமக்கையிடமிருந்து தம்பிக்கும் சென்றது. 1959-க்குப் பிந்திய இரண்டாம் கட்டத்தில் அது தாயிடமிருந்து குட்டிக்கு இயல்பாகச் சென்றது. தாயின் வயிற்றைப் பற்றிக்கொண்டு கடலுக்குள் போன குட்டி, நீரைக் கண்டு அஞ்சவில்லை. தாய் தவறவிட்ட கிழங்குத் துண்டை நீரிலிருந்தே எடுத்துத் தின்றது. அதற்குக் கிழங்கு என்பதே நீரில் கிடைக்கும் பொருளாயிற்று. அதன் பின் குட்டிகள் கடலில் குளிக்கவும் நீந்தவும் தொடங்கின.

கதை எங்கே பிறந்தது?

உண்மை இவ்வாறிருக்க, நூறாவது குரங்கு எங்கிருந்து வந்தது? தென்னாப்பிரிக்காவில் பிறந்த உயிரியலாளர் லயல் வாட்சன், 1979-இல் ‘லைப்டைட்’ என்ற நூலை வெளியிட்டார். அதன் வழியேதான் இது பரவலாயிற்று. ஆராய்ச்சியாளர்கள் முழு விவரத்தையும் வெளியிடத் தயங்குவதாகவும், ஆகவே செவிவழிச் செய்திகளைக் கொண்டு தாமே இட்டு நிரப்புவதாகவும் அவர் அதிலேயே எழுதுகிறார். கழுவும் குரங்குகளின் எண்ணிக்கை தெரியாது என்று சொல்லிவிட்டு, வாதத்துக்காக 99 என்று வைத்துக் கொள்கிறார். அந்த ‘வைத்துக் கொள்வோம்’ அடுத்தடுத்த கைகளில் உதிர்ந்துவிட்டது. எண் மட்டும் நின்றது.

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்கரான கென் கீஸ் இக்கதையின் பெயரையே தலைப்பாகக் கொண்டு ஒரு சிறு நூல் எழுதினார். அணு ஆயுதப் போர் அச்சம் உலகைக் கவ்வியிருந்த காலம் அது. போரை மறுக்கும் மனங்களின் எண்ணிக்கை ஓர் எல்லையைத் தொட்டால் உலகம் தப்பிவிடும் என்பது அவரது செய்தி. யாரும் தடையின்றி மறுபதிப்புச் செய்யலாம் என்று காப்புரிமையையும் அவர் விட்டுக் கொடுத்தார். அவரது நோக்கம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் உயர்ந்த நோக்கம் தவறான சான்றைச் சரியாக்கிவிடாது.

தத்துவப் பேராசிரியர் ரான் அமண்ட்சன் 1985-இல் ஓர் எளிய வேலையைச் செய்தார். வாட்சன் தம் நூலில் சுட்டிய ஆராய்ச்சிக் கட்டுரைகளையே தேடி எடுத்துப் படித்தார். கதையின் அற்புதமான பகுதிகள் எவையும் அவற்றில் இல்லை. மாறாக, அவற்றுக்கு எதிரான விவரங்களே இருந்தன. விவரங்களை மறைத்ததாகச் சொல்லப்பட்ட விஞ்ஞானிகள் பெயர், வயது, உறவு எல்லாவற்றையும் அட்டவணையிட்டுக் கொடுத்திருந்தார்கள். மறு ஆண்டே வாட்சன், அமண்ட்சனின் ஆய்வை ஏற்றுக் கொண்டார். நூறாவது குரங்கு தாம் படைத்த ஓர் உருவகமே என்றும், அதற்கு ஆதாரம் மிகச் சொற்பம் என்றும் ஒப்புக் கொண்டார். எழுதியவர் கைவிட்ட கதையைப் படித்தவர்கள் இன்னும் சுமந்து கொண்டிருக்கிறார்கள்.

கடல் கடந்தது எப்படி?

பிற இடங்களிலும் சில குரங்குகள் கழுவின என்பது உண்மையே. ஆனால் அவை தனித்தனிக் குரங்குகள். கூட்டம் கூட்டமாகத் தொடங்கவில்லை. இதற்கு மாயத்தைத் தேட வேண்டியதில்லை. இரண்டு எளிய விளக்கங்கள் உள்ளன.

ஒன்று, குரங்கு தானே இடம் பெயரலாம். கோஷிமாக் கூட்டத்தைச் சேர்ந்த ஓர் ஆண் குரங்கு 1960-இல் நீந்தி வேறொரு தீவுக்குப் போய், 1964-இல் திரும்பி வந்தது பதிவாகியுள்ளது. மற்றொன்று, கழுவுதல் அவ்வளவு அரிய கண்டுபிடிப்பு அன்று. விசல்பர்கி, பிராகசி என்ற இரு ஆய்வாளர்கள் வேறு இனக் குரங்குகளுக்கு மணல் ஒட்டிய உணவையும் நீர்த் தொட்டியையும் கொடுத்து, 1990-இல் முடிவை வெளியிட்டார்கள். பல குரங்குகள் சிறிது நேரத்திலேயே தாமாகக் கழுவக் கற்றுக்கொண்டன. ஒரே மாதிரியான தேவையும் வாய்ப்பும் இருந்தால், ஒரே கண்டுபிடிப்பு பல இடங்களில் தனித்தனியே தோன்றலாம்.

இங்கே நாம் நேர்மையாக மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கதையை மறுப்பவர்கள், கோஷிமாவில் குரங்குகள் ‘பார்த்துப் பின்பற்றின’ என்று சொல்லிவிட்டு நிறுத்திக் கொள்வதுண்டு. அதுவும் நிறுவப்பட்ட உண்மையன்று. கனடிய உளவியலாளர் பென்னெட் கேலப் ஒரு கூர்மையான கேள்வி எழுப்பினார். பார்த்துக் கற்பதானால், கழுவும் குரங்குகள் பெருகப் பெருகப் பார்ப்பதற்கான வாய்ப்பும் பெருகும். பரவும் வேகமும் கூட வேண்டும். கோஷிமாவில் வேகம் அவ்வாறு கூடவில்லையே? உணவு போட்டவர்கள் கழுவும் குரங்குகளுக்கே கிழங்கை மிகுதியாகக் கொடுத்து, அறியாமலே அவற்றைப் பழக்கியிருக்கலாம் என்ற ஐயமும் எழுந்தது. ஆயினும் பழக்கம் தாய், பிள்ளை, தோழர் என்ற உறவுவழியே சென்றது என்பதைத் தள்ளிவிட முடியாது. தாயோடு நீருக்குப் போகும் குட்டி, தாயைப் பார்த்து அப்படியே செய்யாவிட்டாலும், கிழங்கும் நீரும் ஒன்றுசேரும் இடத்தில் வளர்கிறது. எஞ்சியதை அதுவே கண்டுபிடித்துக் கொள்கிறது. பிறரிடமிருந்து கற்பதும் தானே கற்பதும் பல நேரங்களில் ஒன்றோடொன்று கலந்தே இருக்கின்றன.

பறவைகளின் சாட்சியம்

இங்கிலாந்தில் வீட்டு வாசலில் பால் புட்டிகளை வைத்துச் செல்லும் வழக்கம் பரவலாக இருந்த காலத்தில், டிட் என்ற சிறு பறவைகள் புட்டியின் மூடியைக் கொத்தித் திறந்து, மேலே மிதக்கும் பாலாடையைக் குடித்தன. இது 1921-இல் சவுத்தாம்டன் அருகே முதலில் பதிவாயிற்று. ஜேம்ஸ் பிஷர், ராபர்ட் ஹிண்ட் இருவரும் நாடெங்குமிருந்து தகவல் திரட்டி 1949-இல் வெளியிட்டார்கள். இப்பறவைகள் தம் இருப்பிடத்தைவிட்டு நெடுந்தொலைவு செல்வதில்லை. எனவே பல ஊர்களில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டு, ஒவ்வோர் ஊரிலும் அக்கம்பக்கத்தில் பரவியிருக்க வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். தொலைவான ஊர்களில் ஒரே பழக்கம் தோன்றியதைக் கண்டு அவர்கள் மாயச் சக்தியைத் துணைக்கு அழைக்கவில்லை.

இதையே பரிசோதனையாகச் செய்து காட்டியவர் லூசி ஆப்லினும் அவருடைய குழுவினரும். ஆக்ஸ்போர்டு அருகிலுள்ள வைதம் காட்டில், தனித்தனிப் பகுதிகளில் இரண்டிரண்டு பறவைகளை மட்டும் பிடித்து, உணவுப் பெட்டியின் கதவைத் தள்ளித் திறக்கப் பழக்கினார்கள். சில பகுதிப் பறவைகளுக்கு இடப்புறம், சிலவற்றுக்கு வலப்புறம். எப்பக்கம் தள்ளினாலும் உணவு கிடைக்கும். மூன்று வாரங்களுக்குள் சராசரியாக நூற்றுக்கு 75 பறவைகள் திறக்கக் கற்றுக்கொண்டன. அதனினும் வியப்பு, அந்தந்தப் பகுதியில் முதலில் கற்பிக்கப்பட்ட பக்கமே வழக்கமாக நிலைத்தது. மறு ஆண்டும் அது தொடர்ந்தது. 2015-இல் வெளியான இந்த ஆய்வில், யார் யாரோடு சேர்ந்து இரை தேடினார்கள் என்பதைக் கருவிகள் கொண்டு பதிவு செய்திருந்தார்கள். பழக்கம் அந்தத் தோழமை வலையின் இழைகளைப் பற்றிக்கொண்டே நகர்ந்தது. பரவல் விரைவானதுதான், ஆனால் ஒவ்வோர் அடியிலும் பாதை தெரிந்தது.

மனிதர் மாறும் விதம்

மனித சமுதாயம் மட்டும் வேறு வகையா? அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கலப்பின மக்காச்சோள விதை பரவிய வரலாற்றை ரயன், கிராஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் 1943-இல் வெளியிட்டார்கள். இரு சிற்றூர்ப் பகுதிகளைச் சேர்ந்த 259 உழவர்களை அவர்கள் விசாரித்தார்கள். 1928-இல் ஒருசிலரிடம் தொடங்கிய விதை, 1941-க்குள் இருவரைத் தவிர அனைவரிடமும் சேர்ந்துவிட்டது. தொடக்கத்தில் மிக மெதுவாகவும், இடையில் விரைவாகவும், இறுதியில் மீண்டும் மெதுவாகவும் பரவியது.

இடையில் நேர்ந்த அந்த விரைவை மட்டும் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு, ஏதோ ஓர் எல்லை தாண்டியதும் எல்லோரும் ஒருசேர மனம் மாறியதாகவே தோன்றும். அருகில் சென்று விசாரித்தவர்களுக்கு வேறு காட்சி தெரிந்தது. முதலில் வாங்கியவர்கள் விதை விற்பனையாளர் சொல்லக் கேட்டார்கள். பின்னால் வாங்கியவர்கள் அண்டை வயலைப் பார்த்தார்கள். கேள்விப்பட்டவுடன் எவரும் நிலம் முழுவதும் விதைத்துவிடவில்லை. முதலில் ஒரு மூலையில் விதைத்துப் பார்த்தார்கள். விளைச்சலைக் கண்டபின் விரிவாக்கினார்கள். கூடுதல் விளைச்சல் தரும் விதைக்கே பதின்மூன்று ஆண்டுகள் ஆயின என்பது கவனிக்கத்தக்கது.

அப்படியானால் ‘எல்லை எண்ணிக்கை’ என்ற கருத்தே பொய்யா? இல்லை. சமூகவியலாளர் டேமன் சென்டோலாவும் உடன் பணியாற்றியவர்களும் 2018-இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். 20 முதல் 30 பேர் கொண்ட குழுக்கள், ஒரு படத்துக்குப் பெயரிடுவதில் தமக்குள் ஓர் ஒப்புதலுக்கு வந்தன. பின்னர், வேறொரு பெயரையே விடாப்பிடியாகச் சொல்லும் சிலரை உள்ளே நுழைத்தார்கள். அவர்கள் மிகச் சிலராக இருந்தவரை ஒன்றும் நடக்கவில்லை. ஏறக்குறைய நாலில் ஒரு பங்கை எட்டியதும் குழு முழுவதும் புதிய பெயருக்கு மாறியது. எல்லை உண்டு. ஆனால் அது எவ்வாறு வேலை செய்தது? ஒருவர் மற்றவரை மீண்டும் மீண்டும் சந்தித்துப் பேசியதால்தான். சந்திக்காத குழு எதுவும் மாறவில்லை. மேலும், பெயரிடுவது போன்ற வழக்கம் பிறர் ஏற்றால்தான் பயன்படும். கிழங்கு கழுவுவதோ தன்னந்தனிக் குரங்குக்கும் பயன்தரும். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது.

ஐந்தில் வளையாதது

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்று நம் பெரியோர் கேட்டார்கள். கோஷிமாவின் முதிய ஆண் குரங்குகள் இப்பழமொழிக்கு இலக்கணமாகத் தோன்றுகின்றன. ஆனால் அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். முதிய ஆண்கள் பெரும்பாலும் இளங்குரங்குகளோடு நெருங்கிப் பழகுவதில்லை. ஆகவே அவற்றுக்குப் புதியதைக் காணும் வாய்ப்பே குறைவு. கற்ற இரண்டு முதிய குரங்குகளும் பெண்கள் என்பதும், ஈமோவின் தாய் கற்றவற்றுள் ஒன்று என்பதும் இதற்கு ஒத்து வருகின்றன. பின்னாளில் அதே தீவில் உணவு போடுவது வெகுவாகக் குறைக்கப்பட்ட பிறகு, மீனவர்கள் விட்டுச் சென்ற மீனைத் தின்னும் பழக்கம் தோன்றியது. அது கூட்டத்தின் ஓரத்தில் திரியும் முதிர்ந்த ஆண் குரங்குகளிடம் தொடங்கி, பிறகு உள்ளே பரவியது. பசியும் வாய்ப்பும் கூடினால் ஐம்பதும் வளையும் போலும்.

நூறாவது குரங்குக் கதையின் உண்மையான தீங்கு இங்கேதான் இருக்கிறது. யாருக்கு வாய்ப்பு இருந்தது, யாருக்கு இல்லை, யார் யாரிடம் கற்றார், கற்க எத்தனை காலம் பிடித்தது என்ற கேள்விகளையெல்லாம் அது வேண்டாதவையாக்கிவிடுகிறது. எண்ணிக்கை நிரம்பினால் மாற்றம் தானே வருமென்றால், பள்ளிக்கூடம் எதற்கு? எழுத்தறியாத முதியவரின் அருகில் அமர்ந்து மாலைதோறும் எழுத்தைக் காட்டித் தரும் தொண்டர் எதற்கு? நோய்த் தடுப்பை விளக்க வீடு வீடாக ஏறி இறங்கும் சுகாதாரப் பணியாளர் எதற்கு? மாற்றம் வராதபோது, ‘இன்னும் போதிய பேர் நம்பவில்லை’ என்று சொல்லிக் கை கட்டி இருந்துவிடலாம் அல்லவா?

மாணவர்கள் இக்கதையிலிருந்து ஒரு பயிற்சியைப் பெறலாம். இது போன்ற செய்தியை எங்கே கேட்டாலும், மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். மொத்தம் எத்தனை? எண்ணியவர் யார்? ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போன வழி எது? அமண்ட்சனுக்கு ஆய்வுக்கூடமோ விலையுயர்ந்த கருவியோ தேவைப்படவில்லை. நூலகமும், மூலக் கட்டுரையைத் தேடி எடுக்கும் பொறுமையும் போதுமானவையாக இருந்தன.

ஈமோ மறைந்து பல்லாண்டுகள் ஆகிவிட்டன. அது கழுவியதை ஒரு நாளும் பாராத தலைமுறைகளும் கோஷிமாக் கடற்கரையில் கிழங்கைக் கழுவின. ஒரு குட்டியின் பழக்கம் ஒரு கூட்டத்தின் வழக்கமாகி, அதன் ஆயுளைக் கடந்தும் நின்றது. இதைவிடப் பெரிய அற்புதத்தைக் கற்பனை செய்து சேர்க்க வேண்டிய தேவை எங்கே இருக்கிறது?